ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டுமா?

சென்ற வாரம் பேரனைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். முன்பல்லில் சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. "இன்னும் ஓட்டை விழவில்லை சார், இப்போதே கவனித்தால் இதோடு நிறுத்திவிடலாம்" என்றார் டாக்டரம்மா. புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த நாளில் 'காரி' என்றால் ஓட்டை விழுந்த பல்தான். அதற்கு முந்தைய புள்ளியை யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து இணையத்தில் கொஞ்சம் மேய்ந்தேன். புதிய பற்பசை ஒன்று சொத்தையைத் தடுக்கிறதா என்று பார்க்க, பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து வழக்கமாக இரண்டு மூன்று வருடம் காத்திருக்கிறார்கள். கடைசியில் எண்ணுவது ஓட்டைகளை. ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஃப்ளோரைடு பற்பசை கொடுப்பதுதான் நியாயம் என்பதால், இரு குழுவுக்கும் வித்தியாசம் சிறியது. அதைப் பிடிக்க ஏராளமான பிள்ளைகள் வேண்டும், செலவும் அதிகம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் 1945 ஜனவரி 25 அன்று ஃப்ளோரைடு சேர்க்க ஆரம்பித்தார்கள். 15 வருடத் திட்டம். ஒப்பிடுவதற்காக மஸ்கீகன் நகரத்துத் தண்ணீரில் சேர்க்காமல் விட்டார்கள். பலன் தெரிய ஆரம்பித்ததும் மஸ்கீகன்காரர்கள் பொறுக்கவில்லை; 1951-லேயே தாங்களும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நல்லது என்று தெரிந்ததைப் பிள்ளைகளுக்குத் தராமல் எத்தனை நாள் கணக்கெழுதிக்கொண்டிருப்பது?

ஆகவே சோதனைக் காலத்தைச் சுருக்க வேண்டும் என்பது என் கட்சி. அமிலம் பல்லிலிருந்து கால்சியத்தைக் கரைக்கத் தொடங்கும் கட்டத்திலேயே புள்ளி தோன்றிவிடுகிறது. நீல ஒளி பாய்ச்சினால் நல்ல பல் பச்சையாக மினுங்கும், கரைந்த இடம் கருத்துத் தெரியும். அது வளர்கிறதா, ஆறுகிறதா என்று சில மாதங்களிலேயே அளக்கலாம். சொத்தை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளைச் சேர்த்தால் எண்ணிக்கையும் குறையும்.

ஆனால் எல்லாப் புள்ளியும் ஓட்டையாவதில்லை. புள்ளி குறைந்ததாலேயே ஓட்டையும் குறையும் என்று கம்பெனி சொன்னால் அப்படியே நம்பக்கூடாது. குறுகிய சோதனையில் தேறிய பற்பசையைப் பிறகும் சில வருடம் பின்தொடர்ந்து, ஓட்டைகளை எண்ணி, அந்தக் கணக்கை வெளியிட வேண்டும்.

ஆயுள் முழுக்கக் கோப்பு தள்ளிய குமாஸ்தா நான். தற்காலிக உத்தரவில் வேலையை ஆரம்பித்துவிட்டுப் பிறகு முறைப்படி ஊர்ஜிதம் செய்வது எங்களுக்குப் பழக்கம். ஊர்ஜிதம் செய்ய மறந்துபோன கோப்புகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பயமெல்லாம் அதுதான்.