சிவப்பு, சிவப்பேதான்!

“ஒரே சிவப்பு! இதுவா ஓவியம்?” என்று கேட்கும் தொழிலாளியைப் பார்த்து மேதாவிகள் நகைக்கிறார்கள். நகைக்கட்டும். தொழிலாளி கண்டதே சரி, தோழர்களே!

1921-இல் மாஸ்கோ கண்காட்சியிலே ரோட்சென்கோ மூன்று கித்தான்களை மாட்டினார். ஒன்று முழுதும் சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். உருவமில்லை, கதையில்லை. சிவப்பென்றால் குருதி, நீலமென்றால் வானம் என்று பொருள் தேடாதே. வண்ணம் வண்ணமாகவே நிற்கட்டும் என்பதுதான் அவர் கட்சி. கொடியின் சிவப்புக்குப் பொருள் உண்டு. அது போராடியவர்கள் கூடிக் கொடுத்த பொருள். கித்தானிலே ஆன்மாவின் தவிப்பைக் கண்டேன் என்பவர் கண்டதோ, தம் நெஞ்சத்தை!

தூரிகையை வைத்துவிட்டு ரோட்சென்கோ எங்கே போனார்? 1925 பாரிஸ் கண்காட்சியிலே தொழிலாளர் மன்றத்துக்கு மாதிரி அமைத்தார். படிக்க நீண்ட மேசை, சதுரங்கம் ஆட இன்னொன்று. அங்கேயும் பூசினார் சிவப்பு, உழைத்தவன் வந்து அமரும் இடத்திலே!