அமர்தலும் திரையும்

மலைக்குப் போனால் மனம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வெகுகாலமாக உண்டு. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலையில் 1996ல் உருவான போதி ஜெண்டோவைப் பற்றிய பேச்சிலும் இந்நம்பிக்கையே முந்திக்கொள்கிறது. ஜப்பானில் யமடா கோவுன் என்னும் ஆசானிடம் ஜென் பயின்ற இயேசு சபைத் துறவி அமா சாமி நிறுவிய இடம் அது. அங்கு கற்பிக்கப்படுவது மலைக்காற்று அன்று, அமர்தல். அலையும் மனத்தை மூச்சுக்கு மீட்டுக் கொணர்தல், மீண்டும் அலைந்தால் மீண்டும் கொணர்தல்.

பௌத்தம் நற்கடைப்பிடி என்று சொன்னதன் ஒரு கூறை மருத்துவம் தன் வழியில் எடுத்துக்கொண்டது. டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் முதலானோர் 2000ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மும்முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுற்றுத் தேறியவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினரை ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் நோய் மறுபடி பற்றியது. தியானப் பயிற்சியும் பெற்றோரில் அது 37 விழுக்காடு. ஆனால் இவர்கள் அனைவரும் முன்பே தேறியவர்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். நோயின் உச்சத்தில் இருப்பவரைத் தனியே கண்மூடி அமரச் சொன்னால், எந்த எண்ணங்கள் அவரை வதைக்கின்றனவோ அவற்றோடே அவரை அடைத்துவைப்பதாகவும் முடியலாம்.

கணினி இங்கேதான் நுழைகிறது. 2007ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரெக் சீகல் குழுவினர், சுற்றுப்புற ஒலிகளில் ஒன்றைத் தேர்ந்து கவனிக்கும் பயிற்சியோடு, காதில் விழும் எண்ணை முந்தைய எண்ணுடன் கூட்டிக்கொண்டே செல்லும் கணினிப் பயிற்சியையும் இணைத்தனர். கூட்டலில் ஈடுபட்ட மனத்துக்குப் பழைய துயரை அசைபோட இடமிருப்பதில்லை. வழக்கமான சிகிச்சையோடு இதையும் செய்தவர்களிடம் அந்த அசைபோடல் குறைந்தது. சிறிய ஆய்வுதான், எனினும் தியானமும் கணினியும் பகைவர் அல்லர் என்று அது காட்டியது. இரண்டும் பழக்குவது கவனம் என்னும் ஒன்றையே.

ஆனால் சந்தை பொறுமையற்றது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி, ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016ல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. தியானத்தை விற்போரிடமும் நாம் அதே ஆதாரத்தைக் கேட்கவேண்டும்.

2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வுற்றோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு பயிரிடும் ஒருவர் நோயுற்றால் அவருக்கு முதலில் வேண்டியது மருத்துவர், தேவையெனில் மருந்து, செவிகொடுக்க ஒரு மனிதர். 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் அதற்கொரு வாசல். அமர்தலும் திரையும் அதன் பின்னர் துணைக்கு வரட்டும். துணையையே மருந்தென்று விற்பதை மட்டும் நாம் ஏற்கலாகாது.