பழகாத வில்லுக்கு மான் ஏன் வட்டி கட்டணும்?

கழக்கூட்டத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் பத்மநாபசுவாமி கோயில், கோவளம், மிருகக்காட்சிசாலை மூன்றையும் சுற்றிக் காட்டுவது என் வேலை. போன மாதம் அக்கா பையன் வந்திருந்தான். டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் கம்ப்யூட்டர் வேலை. புள்ளிமான் அடைப்புக்கு முன்னால் நின்றவன், ஒரு மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் விரலை நீட்டி, "மாமா, அம்பு அங்கதான் படணும்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பையன் காம்பவுண்ட் வில் வாங்கியிருக்கிறானாம். நாலு மாசப் பயிற்சி. குளிர்காலத்தில் நண்பர்களோடு வேட்டை. எந்த மான்? சாட்சாத் நம்ம புள்ளிமானேதான்! 1932ல் டெக்சாஸில் கொண்டுபோய் விட்டார்கள். புலியும் செந்நாயும் இல்லாத ஊர், பெருகித் தள்ளிவிட்டது. உள்ளூர் வெள்ளைவால் மானின் மேய்ச்சலுக்குப் போட்டி வேறு. அதனால் உள்ளூர் மானுக்கு இருக்கிற வேட்டைப் பருவக் கட்டுப்பாடு இதற்குக் கிடையாது. லைசென்ஸ் இருந்தால் போதும்.

கொல்வது பாவமா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கிறவன் நான். அந்த வாயால் அவனைத் திட்ட முடியாது. என் சண்டை வேறு.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் போனைத் திறந்து அம்பு முனைகளைக் காட்டினான். மான் வேட்டைக்கு பிராட்ஹெட் என்கிற கத்தி முனை வேண்டும். அதில் இரண்டு ஜாதி. ஒன்று, அலகுகள் எப்போதும் விரிந்தே நிற்கும் நிலை முனை. இன்னொன்று, பறக்கும்போது அலகுகள் மடங்கியிருந்து, உடம்பில் பட்டதும் விரிகிற மெக்கானிக்கல் முனை. "புதுசா பழகுறவங்களுக்கு மெக்கானிக்கல்தான் சுலபம்னு கடையில சொன்னாங்க மாமா" என்றான்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பம் பார்க்கிறவன் நான். "சுலபம்" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு சுலபம், தவறினால் யார் கட்டுவது? பத்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பதில் கிடைத்தது. கட்டுவது மான்.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியில் கொல்லாது. அறுத்து, ரத்தம் போக்கித்தான் கொல்லும். இரண்டு நுரையீரலையும் கூரான அலகு அறுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே போனால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். பாதியில் நின்றால், வயிற்றில் பட்டால், மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும்.

மெக்கானிக்கல் முனையை ஏன் சுலபம் என்கிறார்கள்? பயிற்சி முனை போகிற இடத்துக்கே அதுவும் போகுமாம். உண்மைதான். நிலை முனையில் அலகு வெளியே நிற்பதால் காற்று பிடிக்கும். வில் சரியாக முறுக்கேற்றப்படவில்லை என்றாலோ, விடுகிற கை ஆடினாலோ அம்பு விலகிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். விலகுவது முனையின் குற்றமில்லை ஐயா, உங்கள் வில்லின் குற்றம், உங்கள் கையின் குற்றம்! அந்தக் குற்றத்தை மடங்கின அலகு மறைத்துவிடுகிறது. கணக்கில் இடிக்கிற பாக்கியைச் சரிபார்க்காமல் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மூடுகிற மாதிரி. ஆடிட்டர் வருகிற அன்றைக்கு வெடிக்கும்.

இன்னொன்று. அலகு விரிய அம்பின் விசையில் ஒரு பங்கு செலவாகும். பையனின் வில் 45 பவுண்டு இழுவிசை. இருக்கிற கொஞ்ச விசையில் வரி வேறு பிடித்தால், உள்ளே போகிற ஆழம் குறையும். சாய்வாகப் பட்டால் சில வகை முனைகள் வழுக்கியும் போகும். ஆரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் இதை நீண்ட காலம் தடைசெய்து வைத்திருந்தது சும்மா இல்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் மறைக்கக்கூடாது. மேரிலாந்தில் ஒரு கடற்படைத் தளத்தில் பல வருஷம் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1989 முதல் 2006 வரை அம்பு பட்ட 908 மான்களில் 162 கைக்குக் கிடைக்கவில்லை. பின்னால் எடுத்த கணக்கில், மெக்கானிக்கல் முனைக்காரர்கள் கண்டெடுத்த விகிதம் சற்று அதிகம். அகல வெட்டு, நிறைய ரத்தம், தடம் பிடிப்பது எளிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தளத்தில் வேட்டையாட முதலில் குறிபார்க்கும் பரீட்சையில் தேற வேண்டும். தேறினவனின் கணக்கைக் காட்டி நாலு மாசக்காரனுக்கு விற்காதீர்கள். தேறினவர்களுக்கே நூற்றுக்குப் பதினெட்டு தப்பியிருக்கிறது என்பதுதான் பையன் படிக்க வேண்டிய பாடம்.

ஆக, கடன் அனுமதிக் கடிதம் மாதிரி நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தேன்:

1. இரண்டு அல்லது மூன்று அலகுள்ள நிலை முனை. எடை 100 கிரெயின். நகைக்கடன் தராசில் போட்டால் ஆறரை கிராம், முக்கால் சவரனுக்குக் கொஞ்சம் மேல். பயிற்சி முனையும் அதே எடையில் இருக்கட்டும்.

2. பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் குறைந்தது முக்காலே அரைக்கால் அங்குல வெட்டு கேட்கின்றன. ஒரு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். இரண்டு அங்குல ஆசை இப்போது வேண்டாம்.

3. வேட்டை முனையைப் போட்டே பயிற்சி செய். பயிற்சி முனையும் அதுவும் ஒரே இடத்தில் படுகிற வரை காட்டுக்குப் போகாதே.

4. பயிற்சியில் மழுங்கின அலகை மானுக்குக் கொண்டுபோகாதே. கை மயிரைச் சிரைக்காத அலகு கத்தியே இல்லை.

5. இருபது கஜத்துக்கு மேல் விடாதே. அம்பைவிட நாண் சத்தம் வேகம். அம்பு போய்ச் சேர்வதற்குள் மான் குனிந்து துள்ளிவிடும். பக்கவாட்டில் நின்றாலோ, சற்று அந்தப்பக்கம் திரும்பி நின்றாலோ மட்டும் விடு.

6. விட்டபிறகு அரை மணி நேரம் அசையாதே. நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். கறுத்த ரத்தம் என்றால் ஈரல், மணிக்கணக்கில் பொறு. பச்சையாக நாறினால் வயிறு. அரை நாளானாலும் காத்திருந்து தேடு. தேடாமல் வீட்டுக்குப் போகிறவன் வில்லைத் தொடவே கூடாது.

படித்துவிட்டு, "மூணாவது நிபந்தனைக்கே இந்தக் குளிர்காலம் போயிரும் போலிருக்கே மாமா" என்றான்.

போகட்டுமே! தவறுக்கு விலை இருக்கத்தான் செய்யும். அதை உன் ஞாயிற்றுக்கிழமைகளில் தவணை தவணையாகக் கட்டு. புள்ளிமான் உன்னிடம் எந்தக் கடனும் வாங்கவில்லை.

டிஸ்கி: இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நிலை முனையோ மெக்கானிக்கலோ, உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள் :-)