ஒரே குழு, ஒரே குறிப்பு முறை

ஒரு பள்ளியின் கணினிக் கழக மாணவர்கள் ஐவர், நூலகத்திற்காக மென்பொருள் ஒன்றை உருவாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தாமதமாகத் திருப்பித் தரப்படும் நூலுக்கு அபராதம் கணக்கிடும் செயற்கூற்றை அவர்களுள் ஒருவர் எழுதுகிறார். அது தரும் விடை 50. அது 50 சென்னா, 50 ரிங்கிட்டா? எழுதியவருக்குத் தெரியும், அதைப் பயன்படுத்தப் போகும் மற்ற நால்வருக்குத் தெரியாது. இத்தகைய ஐயத்தைப் போக்கவே நிரலுக்குள் விளக்கக் குறிப்பு எழுதப்படுகிறது. செயற்கூறு என்ன செய்கிறது, எதைப் பெறுகிறது, எதைத் திருப்பித் தருகிறது, எப்போது பிழை காட்டும் என்பனவற்றை அக்குறிப்பு கூற வேண்டும்.

இது சிறு செய்தியன்று. 1999-ஆம் ஆண்டு நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் செவ்வாய்க் கோளை அடைந்த வேளையில் தொலைந்துபோனது. தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் உந்துதலின் அளவைப் பவுண்டு அலகில் தந்தது. அதைப் பெற்ற மற்றொரு மென்பொருளோ அதை நியூட்டன் அலகாகக் கொண்டு கணக்கிட்டது. எந்த அலகில் தர வேண்டும் என்பது ஆவணத்தில் எழுதப்பட்டே இருந்தது. ஆனால், அது பின்பற்றப்படவில்லை. ஆகவே, விதி இருப்பது மட்டும் போதாது. குழுவினர் அனைவரும் அதன்படி நடக்க வேண்டும்.

குறிப்பை எந்த வடிவில் எழுதுவது என்பதில்தான் பல குழுக்களில் கருத்து வேறுபாடு எழுகிறது. பைத்தான் மொழிக்கு 2001-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ‘பெப் 257’ என்னும் நெறிமுறை, முதல் வரி சுருக்கமாக இருக்க வேண்டும், முற்றுப்புள்ளியில் முடிய வேண்டும் என்கிறது. மற்ற விவரங்களை எந்த வடிவில் அடுக்குவது என்பதை அது வரையறுக்கவில்லை. அதனால் இன்று மூன்று முறைகள் பரவலாக வழங்குகின்றன. ஸ்பிங்ஸ் முறையில் ஒவ்வொரு விவரமும் முக்காற்புள்ளிகளுக்கு இடையில் குறியிடப்படும். இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் கண்ணுக்கு நெருக்கமாகத் தோன்றும். கூகுள் முறையில் சிறு தலைப்புகளின்கீழ் விவரங்கள் உள்தள்ளி எழுதப்படும். புதியவரும் எளிதில் படிக்கலாம். நம்பை முறையில் தலைப்புகளின்கீழ்க் கோடிடப்படும். நீண்ட அறிவியல் விளக்கங்களுக்கு அது பொருத்தமானது. ஸ்பிங்ஸ் கருவி இம்மூன்றையும் படித்து ஆவணமாக்கக்கூடியது. எனவே, கருவியைக் காரணம் காட்டி வாதிட இடமில்லை.

‘அவரவர் விருப்பப்படி எழுதட்டும், கட்டுப்பாடு ஆர்வத்தைக் குறைக்கும்’ என்பர் சிலர். தொடக்கத்தில் அது உண்மையாகத் தோன்றலாம். ஆனால், ஒரே கோப்பில் மூன்று வடிவங்கள் கலந்திருந்தால், படிப்பவர் ஒவ்வொரு முறையும் விவரத்தைத் தேட வேண்டியிருக்கும். விடுபட்ட விவரமும் கண்ணில் படாது. ‘நல்ல நிரலுக்குக் குறிப்பே தேவையில்லை’ என்று கூறுவோரும் உளர். நல்ல பெயர் ஒரு செயற்கூற்றின் வேலையைச் சொல்லும். விடை சென்னிலா ரிங்கிட்டிலா என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

எனினும், முறையைத் தேர்ந்தெடுப்பதிலேயே வாரக்கணக்கில் காலத்தைக் கழிப்பதும் தவறு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது பழமொழி. பழைய மென்பொருளில் சேர்வோர், அதில் ஏற்கெனவே உள்ள முறையையே தொடர்வது நன்று. புதிதாகத் தொடங்கும் மாணவர் குழுவிற்குக் கூகுள் முறை எளிது. கணக்கீடுகள் மிகுந்த ஆய்வுப் பணிக்கு நம்பை முறை ஏற்றது. தேர்ந்த முறையை ஒரு மாதிரிக் குறிப்புடன் எழுதி, அனைவரும் காணும் இடத்தில் வைக்க வேண்டும். விதி மீறப்படும்போது சுட்டிக்காட்ட, தானியங்கிச் சரிபார்ப்புக் கருவியையும் பயன்படுத்தலாம். நண்பரின் தவற்றை நண்பரே சுட்டும் சங்கடம் அதனால் குறையும்.

கருவி வடிவத்தைத்தான் சரிபார்க்கும்; பொருள் சரியா என்பதை மனிதரே பார்க்க வேண்டும். நிரலை மாற்றுகிறவர் அதே வேளையில் குறிப்பையும் மாற்ற வேண்டும். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடத் தீங்கானது. இன்று எழுதும் மாணவர்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிறகும் நூலகம் இயங்கும். அன்று அந்த நிரலைத் திறக்கும் இளையவருக்கு, கேட்பதற்கு ஆள் இருக்காது. குறிப்பு மட்டுமே இருக்கும். அவரை மனத்தில் கொண்டு எழுதுவதே கூட்டுப்பணியின் பொறுப்பு.