கடைசியாக எத்தனை மணிக்கு?



இம்மாதம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் பெரியவர், உம்மாவோ வாப்பாவோ மாமியோ, இன்று கடைசியாக எத்தனை மணிக்கு உங்களோடு தெளிவாகப் பேசினார்? சற்று யோசித்துச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டில் ஒரு வைத்தியர் இதே கேள்வியைக் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றவன் நான்.

அன்று சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். உம்மா முஸல்லாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வலது கையிலிருந்த தஸ்பீஹ் நழுவிக் கீழே கிடந்தது. வாய் சற்றுக் கோணியிருந்தது. "என்ன உம்மா செய்யுது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. பயத்தில் பாத்திஹா ஓதத் தொடங்கினேன். உம்மாவும் என்னோடு சேர்ந்து தடங்கலில்லாமல் ஓதினார்! "வாய் நல்லாத்தான் இருக்கு, இது வெறும் வாயுதான்" என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தோம்.

தைலம் பூசினோம். கொத்தமல்லித் தண்ணீர் பருக்கினோம், புரையேறியது. நானே தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தேன். வயதான பெண்ணை அந்நிய ஆண்கள் தூக்குவதா என்ற தயக்கத்தில், தம்பி வந்து சேரட்டும் என்று காத்திருந்தோம். வைத்தியசாலை வாசலை மிதித்தபோது லுஹர் நேரமாகிவிட்டது.

வைத்தியர் முதலில் கேட்டது இதைத்தான்: "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தவ?"

"காலையிலிருந்து இப்படித்தான் டொக்டர்" என்றேன். "காலை என்றால் எத்தனை மணி?" என்றார். நான் விழித்தேன். பின்னால் நின்ற என் மனைவி மெல்லச் சொன்னாள்: "சுபஹ் பாங்கு சொல்லும்போது என்னட்ட வெந்நீர் கேட்டவ. ஒழுங்காத்தான் கதைச்சவ."

ஏழு மணித்தியாலத்துக்கு மேல் கடந்திருந்தது. ஸ்கான் படத்தைப் பார்த்துவிட்டு வைத்தியர் விளக்கினார். மூளையின் இடப்பக்கப் பெரிய நாடியில் இரத்தக் கட்டி அடைத்திருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தப்பிவிட்டது. கட்டியைக் கருவியால் இழுத்தெடுக்கும் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். ஆனால் அந்த நாடியை நம்பியிருந்த மூளைப் பகுதியில் பெரும்பங்கு ஏற்கனவே செத்துவிட்டதால், இனிப் போயும் பயனில்லை.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா இன்றும் எங்களோடு இருக்கிறார். இடது கையால் தஸ்பீஹ் உருட்டுகிறார். என் பெயரை மட்டும் அவருக்குச் சொல்ல வருவதில்லை.

சகோதரிகளே, கட்டியை இழுத்தெடுப்பது என்றால் என்ன? அன்றைய தினத்துக்குப் பிறகு இதைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பாரிசவாதம் இரு வகைப்படும். ஒன்று, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபடுவது. பெரும்பாலானவை இந்த வகைதான். மற்றது, நாடி வெடித்து இரத்தம் கசிவது. அடைப்பு ஏற்பட்டால், இரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டே போகும். பெரிய நாடி அடைபட்டால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் மூளைக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். தைலம் தேய்க்க எடுக்கும் நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். ஆனால் பெரிய நாடியில் இறுகிய பெரிய கட்டி பல வேளைகளில் ஊசிக்கு மசிவதில்லை. அப்போதுதான் கருவி தேவைப்படுகிறது. தொடையின் மேற்பகுதியிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி கழுத்தைக் கடந்து மூளைக்குக் கொண்டு போகிறார்கள். குழாயின் நுனியிலிருந்து ஒரு நுண்ணிய கம்பிவலை கட்டிக்குள் விரிகிறது. சில நிமிடங்களில் கட்டி அதில் சிக்கிக்கொள்ள, வலையோடு சேர்த்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். சில வேளைகளில் குழாயாலேயே உறிஞ்சியும் எடுக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் அடைத்த துணித்துண்டைக் கம்பியால் கொளுவி இழுப்போமே, அது போலத்தான். தலையைத் திறக்கும் சத்திரசிகிச்சை இல்லை.

இதற்கான முதற் கருவிக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. அது திருகாணி போன்ற சுருள் கம்பி. வலைக் கருவிகள் 2012இல் வந்தன. ஆயினும் 2013இல் வெளியான ஆய்வுகள் இச்சிகிச்சையால் கூடுதல் பயன் இல்லை என்றே கூறின. பெரிய நாடியில் அடைப்பு இருப்பதைப் படம் எடுத்து உறுதி செய்து, நல்ல வலைக் கருவியைக் கொண்டு, விரைந்து செய்தபோதுதான் பலன் தெரிந்தது. நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 19 பேரே மூன்று மாதத்தின் பின் தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டார்கள். கட்டியை எடுத்தவர்களில் அது 33 பேர். எல்லோரும் எழுந்து நடந்துவிடவில்லை. ஆனாலும் நூறு வீடுகளில் மேலும் பதினான்கு வீடுகளின் கண்ணீர் குறைந்தது.

பொதுவாக ஆறு மணித்தியாலத்துக்குள் செய்யவேண்டும். காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி எஞ்சியிருப்பதாக ஸ்கானில் தெரிந்தால், தெரிவு செய்யப்பட்ட சிலருக்கு 24 மணித்தியாலம் வரையிலும் செய்யலாம் என்று 2018இல் ஆய்வுகள் காட்டின. இதை நம்பித் தாமதிக்காதீர்கள். யாருக்கு அந்தச் சலுகை உண்டென்று வீட்டிலிருந்து அறிய முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பாதையிலேயே ஆறேழு மணித்தியாலம் போய்விடும். நயினாதீவு, நெடுந்தீவுச் சகோதரிகளுக்குக் கடலும் குறுக்கே நிற்கிறது. ஆகவே நாம் வீட்டில் மிச்சப்படுத்தும் நிமிடங்களுக்கு மற்றவர்களைவிட விலை அதிகம்.

இனி, நான் செய்த பிழைகளை நீங்கள் செய்யாதிருக்கச் சில விடயங்கள்.

முதலாவது, சிரிக்கச் சொல்லுங்கள்; வாய் கோணுகிறதா? இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், புறப்படுங்கள்.

பேச்சைச் சோதிக்கும்போது கலிமாவையோ சூராவையோ சொல்லச் சொல்லாதீர்கள். ஏமாந்துவிடுவீர்கள். வாழ்நாளெல்லாம் ஓதிப் பழகியவை, சொந்தமாக ஒரு வார்த்தை பேசும் ஆற்றல் போன பின்னும் சிலருக்கு நாவில் வரும். என் உம்மா பாத்திஹா ஓதியது அப்படித்தான். "இன்றைக்கு என்ன கறி ஆக்குவோம்?" என்று கேளுங்கள். அதற்குத்தான் புதிதாக யோசித்துப் பதில் சொல்லவேண்டும்.

இரண்டாவது, வாயில் எதையும் பருக்கவேண்டாம். விழுங்கும் சக்தி போயிருக்கலாம். அஸ்பிரின் குளிசையும் கொடுக்கவேண்டாம். அடைப்பா கசிவா என்பதை ஸ்கான் மட்டுமே சொல்லும். கசிவாக இருந்தால் அது கேடாக முடியும்.

மூன்றாவது, நேரம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் வைத்தியர் கணக்கெடுப்பார். நாளுக்கு ஐந்து முறை பாங்கு கேட்கும் வீடுகள் நம்முடையவை. அஸருக்கு வுளூச் செய்தபோது பேசினாரா, மஃரிபுக்கு நின்று தொழுதாரா என்பது வீட்டிலிருக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். அன்று என் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் ஆண்கள் பேசும் இடத்தில் நாம் எதற்கு என்று ஒதுங்கி நின்றாள். நீங்கள் ஒதுங்காதீர்கள். நீங்களே முன்வந்து மணியைச் சொல்லுங்கள்.

நான்காவது, 1990. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. எம் மக்கள் இந்த இலக்கத்தை மறக்க வழியில்லை. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் இந்த ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். நான் அப்போது சிறுவன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கையில் கிடைத்ததோடு புறப்பட்டார். அன்று இரண்டு மணித்தியாலத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட அந்தத் தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நாங்கள் ஏழு மணித்தியாலம் எடுத்தோம்.

பர்தாவை எண்ணித் தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உயிர் காக்கும் அவசியம் வந்தால் அந்நிய ஆண் தொட்டுத் தூக்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஒரு துப்பட்டாவால் மூடி ஏற்றிவிடுங்கள். மருந்து செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நான் ஓதி ஊதியதில் பிழையில்லை. ஓதிவிட்டு உட்கார்ந்திருந்ததுதான் பிழை. அம்புலன்ஸில் போகும்போதும் ஓதலாமே!

இன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் 1990 என்று பெரிதாக எழுதி, வீட்டில் தொழுகை நேர அட்டவணை தொங்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள், நேரத்தைக் குறிக்க. அது பயன்படாமலே கிடக்க அல்லாஹ் அருள்புரிவானாக.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.