கிழக்கு லண்டன் கவுன்சில் தேர்தல்: 12 ஸ்தானங்கள் வந்ததும் போனதும்

லண்டன் மாநகரத்தின் கிழக்குக் கோடியில், தேம்ஸ் நதியை ஒட்டி, பார்க்கிங்-டாகன்ஹாம் என்று ஒரு பரோ இருக்கிறது. லண்டனில் உள்ள 32 பரோக்களில் இது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்சில் உண்டு. குப்பை அள்ளுவது, நூலகம், பள்ளிக்கூடம், வாடகை வீடுகள் எல்லாம் கவுன்சில் பொறுப்பு. 2006-ம் ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில் இந்தக் கவுன்சிலின் 51 ஸ்தானங்களில் 12-ஐ பிரிட்டிஷ் தேசியக் கட்சி பிடித்துக் கொண்டது. வெள்ளையரல்லாதார் மெம்பராகவே சேர முடியாது என்று அப்போது சட்டதிட்டம் வைத்திருந்த கட்சி அது. ஆளும் தொழிற்கட்சிக்கு 38, கன்சர்வேடிவ் கட்சிக்கு 1. ஆக, எதிர்க்கட்சி வரிசையே அவர்கள் கைக்குப் போயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 மே 6-ந் தேதி, மறுபடி தேர்தல். 51 ஸ்தானங்களும் தொழிற்கட்சிக்கே கிடைத்தன. அந்தப் பன்னிரண்டில் ஒன்று கூட மிஞ்சவில்லை.

முதல் தடவை ஜனங்களுக்கு நிறவெறி பிடித்தது, இரண்டாம் தடவை புத்தி தெளிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சொல்லவும் சொன்னார்கள். ஆனால் வீட்டுக் கணக்கையும் வோட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் அப்படியில்லை. வெளி மாநிலங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு “வெளியூரான் வந்து நம் இடத்தைப் பிடித்துக் கொண்டான்” என்ற பேச்சு புதிதல்ல. அந்தப் பேச்சு ஓரிடத்தில் எப்படி முளைத்தது, எப்படி 12 ஸ்தானங்களாக ஆயிற்று என்பதைப் பார்ப்பது வீணாகாது.

வீடு கட்டிய கதை

முதல் உலக யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் தொழிலாளிகளுக்கும் நல்ல வீடு கட்டித் தருவோம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் வாக்குக் கொடுத்தது. அதன்படி லண்டன் கவுண்டி கவுன்சில் 1921-ல் தொடங்கி 1935-க்குள் இந்தப் பகுதியில் சுமார் 26,000 வீடுகளைக் கட்டியது. பெகன்ட்ரீ குடியிருப்பு என்று அதற்குப் பெயர். கிழக்கு லண்டனின் நெருக்கடியான சந்துகளில் இருந்தவர்கள், வீட்டுக்குள்ளேயே கக்கூசும் பின்னால் தோட்டமும் உள்ள வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். 1931-ல் போர்டு கம்பெனி டாகன்ஹாமில் மோட்டார் தொழிற்சாலையைத் திறந்தது. 1950-களில் அங்கே சுமார் 40,000 பேர் வேலை பார்த்தார்கள். பெண் தொழிலாளர்கள் 1968-ல் ஸ்டிரைக் செய்து, சம ஊதியச் சட்டம் 1970-ல் நிறைவேற வழி செய்ததும் இந்தத் தொழிற்சாலையில்தான்.

வேலை ஒரு பக்கம், கவுன்சில் வீடு ஒரு பக்கம். இரண்டும் இருந்தவரை தொழிற்கட்சிக்கு அங்கே கவலையில்லை. தகப்பனார் இருந்த தெருவிலேயே மகனுக்கும் ஒரு வீடு கிடைக்கும் என்று குடும்பங்கள் எதிர்பார்த்தன.

1980-ல் திருமதி தாட்சரின் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதைச் சலுகை விலையில் சொந்தமாக வாங்கிக் கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தள்ளுபடி. வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. யார்தான் வாங்க மாட்டார்கள்? ஆனால் விற்று வந்த பணத்தில் பெரும் பகுதியைப் புது வீடு கட்டச் செலவழிக்கக் கூடாது என்று கவுன்சில்களின் கையை சர்க்கார் கட்டிப் போட்டது. போன வீடு போனதுதான். பின்னர் 1997-ல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியும் கவுன்சில் வீடு கட்டுவதில் அக்கறை காட்டவில்லை. இதற்கிடையே 2002 பிப்ரவரியில் டாகன்ஹாமில் கார் உற்பத்தி நின்றது. என்ஜின் தயாரிப்பு மட்டும் தொடர்ந்தது.

சொந்தமாக வாங்கியவர்களில் பலர் வீட்டை விற்றுவிட்டு எஸ்ஸெக்ஸ் பக்கம் போனார்கள். லண்டனிலேயே வீட்டு விலை மிகவும் மலிவான பரோக்களில் ஒன்று என்பதால் நகரின் உட்பகுதிகளில் இருந்தவர்கள் இங்கே வாங்க வந்தார்கள். அவர்களில் ஆப்பிரிக்கர்கள் கணிசம். 2001 ஜனத்தொகைக் கணக்கில் இந்தப் பரோவில் பிரிட்டிஷ் வெள்ளையர் 81 சதவிகிதம். 2011-ல் 49 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம். கறுப்பு ஆப்பிரிக்கர் 4 சதவிகிதத்திலிருந்து 15 சதவிகிதம் ஆனார்கள். பத்தே வருஷத்தில் ஒரு தெருவின் முகமே மாறினால், பேச்சு எழாமல் இருக்காது.

பேச்சு எழுந்தது. ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இங்கே வீடு வாங்க 50,000 பவுன் ரொக்கமாகக் கொடுக்கப்படுகிறது என்று தேசியக் கட்சி நோட்டீஸ் போட்டது. முழுப் பொய். ஆனால் பக்கத்து வீட்டை, முன்பு கவுன்சில் வீடாக இருந்ததை, ஒரு நைஜீரியர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். தன் மகனோ காத்திருப்புப் பட்டியலில் எத்தனையோ வருஷமாக நிற்கிறான் என்று பார்க்கிறவருக்கு அந்தப் பொய் போதுமானதாக இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பெயர் பதிந்து வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டியல் நகராவிட்டால், முன்னால் நிற்பவன் மேல்தான் சந்தேகம் வரும். வீடு ஏன் கட்டவில்லை என்ற கேள்வி அப்புறம்தான்.

பதின்மூவரில் பன்னிருவர்

எச்சரிக்கை இல்லாமல் 2006 வரவில்லை. 2004 செப்டம்பரில் கோர்ஸ்புரூக் வட்டத்தில் நடந்த இடைத்தேர்தலிலேயே தேசியக் கட்சி ஜெயித்திருந்தது. அந்த மெம்பர் ஒரு வருஷம் கூட நிலைக்காமல் ராஜினாமா செய்ததும், ஸ்தானம் தொழிற்கட்சிக்குத் திரும்பியதும், ‘விட்டது சனி’ என்று இருந்துவிட்டார்கள்.

2006 ஏப்ரலில் பார்க்கிங் தொகுதியின் பார்லிமெண்டு மெம்பரும் மந்திரியுமான திருமதி மார்கரெட் ஹாட்ஜ், தம் தொகுதியில் பத்தில் எட்டு வெள்ளைக் குடும்பங்கள் தேசியக் கட்சிக்கு வோட்டளிக்க சபலப்படுவதாகச் சொன்னார். உண்மையைச் சொன்னார் என்றார்கள் சிலர். எதிரிக்கு இலவச விளம்பரம் செய்தார் என்றார்கள் சொந்தக் கட்சியினரே பலர். தேர்தலில் அந்தக் கட்சி நிறுத்தியதே 13 பேரைத்தான். அதில் 12 பேர் ஜெயித்தார்கள். இன்னும் அதிகமாக நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொழிற்கட்சி மிரண்டது.

2007-ல் திருமதி ஹாட்ஜ் மறுபடி பேசினார். வீடு ஒதுக்கும்போது புதிதாக வந்தவரின் தேவையை விட, நெடுநாளாக இருக்கும் குடும்பத்தின் உரிமைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றார். எதிரியின் பாஷையைப் பேசுகிறார் என்று சக மந்திரியே கண்டித்தார். பட்டியலில் யாரை முன்னால் நிறுத்துவது என்ற சண்டையில் இரு தரப்பும் மும்முரமாக இருந்தன. பட்டியலைக் குறைக்க எத்தனை வீடு கட்டுவது என்பது பின்னுக்குப் போயிற்று.

2010-ல் நடந்தது

2010-ல் கவுன்சில் தேர்தலும் பார்லிமெண்டு பொதுத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. 2009-ல் ஐரோப்பிய பார்லிமெண்டுக்குத் தேர்வாகியிருந்த தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிபின், பார்க்கிங் தொகுதியில் தாமே நின்றார். கவுன்சிலையும் கைப்பற்றுவோம் என்று அவருடைய ஆட்கள் பேசிக் கொண்டிருந்தார்கள்.

திருமதி ஹாட்ஜ் இதற்குள் பாடம் படித்திருந்தார். பெரிய மேடைகளை விட்டுவிட்டு, தெருத் தெருவாக ஜனங்களைத் தேநீருக்கு அழைத்து உட்கார்த்தி, குப்பை, நடைபாதை, பஸ் என்று அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டு, என்ன நடவடிக்கை எடுத்தார் என்று கடிதம் போட்டார். நிறவெறி எதிர்ப்பு இயக்கங்களின் தொண்டர்கள் லண்டன் பூராவிலிருந்தும் வந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

முடிவு: ஹாட்ஜ் 24,628, கன்சர்வேடிவ் 8,073, கிரிபின் 6,620. மூன்றாவது இடம். கவுன்சிலிலும் அவர் கட்சி துடைத்தெறியப்பட்டது.

இனி பழைய கணக்கைப் பார்ப்போம். 2005 பார்லிமெண்டுத் தேர்தலில் இதே பார்க்கிங்கில் தேசியக் கட்சி வாங்கியது 4,916 வோட்டு. ஹாட்ஜ் வாங்கியது 13,826. நடுவில் தொகுதி எல்லை மாறியது என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் போக்கு தெரிகிறது. தேசியக் கட்சியின் வோட்டு எண்ணிக்கையில் குறையவில்லை, ஏறியிருக்கிறது. சதவிகிதம் 17-லிருந்து 15-க்குச் சற்றுக் கீழே இறங்கியது, அவ்வளவே. 2006-ல் அவர்களுக்கு வோட்டுப் போட்டவர்கள் மனம் மாறினார்கள் என்பதற்கு இதில் அதிக ஆதாரமில்லை. முன்பு கவுன்சில் தேர்தல் என்றால் வீட்டோடு இருந்துவிட்ட மற்றவர்கள், பொதுத் தேர்தல் நாளில் சாவடிக்கு வந்தார்கள். அதுதான் மாற்றம்.

வந்தவர்களில் புதிதாகக் குடியேறியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் சட்டப்படி குடியிருக்கும் காமன்வெல்த் பிரஜைகளுக்கு, இந்தியர், நைஜீரியர் உள்பட, பார்லிமெண்டுக்கும் கவுன்சிலுக்கும் வோட்டுண்டு. பட்டியலில் பெயர் பதிந்திருந்தால் போதும். (இங்கே பத்து வருஷமாக வெளி மாநிலத்தில் குடியிருந்தும் வோட்டை இன்னும் சொந்த ஊரிலேயே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.)

அதன் பின்

தேசியக் கட்சி அதற்குப் பிறகு தேறவில்லை. கிரிபின் 2014-ல் ஐரோப்பிய பார்லிமெண்டு ஸ்தானத்தை இழந்தார்; அதே ஆண்டு சொந்தக் கட்சியே அவரை வெளியேற்றியது. ஆனால் அந்த வோட்டு எங்கும் போய்விடவில்லை. 2014 கவுன்சில் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்த்த யூகிப் கட்சி பல வட்டங்களில் இரண்டாவதாக வந்தது. ஒரு வட்டத்துக்கு மூன்று மெம்பர்கள், அதிக வோட்டு வாங்கிய மூவருக்கே ஸ்தானம் என்ற முறையில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2016-ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று வோட்டெடுப்பு நடந்தபோது, லண்டன் மாநகரம் மொத்தத்தில் ‘இருப்போம்’ என்று சொல்ல, பார்க்கிங்-டாகன்ஹாமில் 62 சதவிகிதம் பேர் ‘விலகுவோம்’ என்றார்கள். அப்படிச் சொன்ன லண்டன் பரோக்கள் ஐந்துதான்.

கவுன்சில் 2017-ல் ‘பீ பர்ஸ்ட்’ என்ற சொந்த நிறுவனத்தை அமைத்து வீடு கட்டத் தொடங்கியது. 2014, 2018, 2022 ஆகிய மூன்று கவுன்சில் தேர்தல்களிலும் தொழிற்கட்சி 51 ஸ்தானங்களையும் வாங்கியது. வாடகை, குப்பை, வீட்டுப் பட்டியல் எதைப் பற்றியும் அந்தச் சபையில் எழுந்து கேள்வி கேட்க எதிர்க்கட்சி மெம்பர் ஒருவரையும் ஜனங்கள் மூன்று தடவையும் தேர்ந்தெடுக்கவில்லை.