மெமோ கொடுக்காமல் ஒயரை அறுக்கலாமா?

ரயில்வே சிக்னல் பிரிவில் 36 வருடம் குப்பை கொட்டியவன் நான். டிப்ளமா முடித்து சிக்னல் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, செகந்திராபாத்தில் ரிடையராகி இங்கேயே தங்கிவிட்டேன். ஸ்டேஷனில் ஒரு பாயிண்ட் மோட்டாரைப் பழுது பார்ப்பதென்றாலும், முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுக்க வேண்டும். டி/351 என்று அதற்கு ஒரு ஃபாரமே உண்டு. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒயரில் கை வைப்போம். மேலதிகாரி பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாலும் சரி, விதி விதிதான்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்குச் சில வருடங்களுக்கு முன் ரேஷன் கார்டு திடீரென்று இல்லாமல் போயிற்று. "கம்ப்யூட்டரில் உன் பெயர் வரவில்லை" என்றார் கடைக்காரர். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் கூடப்போன ஆபீஸிலும் தெரியவில்லை. இந்த ஒயரை அறுத்தவர் யாருக்கும் மெமோ கொடுத்திருக்கவில்லை.

அப்புறம்தான் 'சமக்ர வேதிகா' பற்றிப் படித்தேன். தெலங்கானா அரசின் பல இலாகாக்களில் உள்ள பெயர், விலாசம், வாகனம், வீடு முதலான விவரங்களை ஒன்றோடொன்று கோர்த்து, இவரும் அவரும் ஒரே ஆள்தான் என்று செயற்கை நுண்ணறிவு கொண்டு ஊகிக்கும் ஏற்பாடு அது. பெயர் ஒத்துப்போனால் யாரோ ஒருவருடைய கார் ஏழையின் கணக்கில் ஏறிவிடும். நேரில் விசாரிக்காமல் கம்ப்யூட்டரை நம்பிக் கார்டுகளை ரத்து செய்தார்கள் என்று வழக்குப் போயிற்று. ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. தகுதியிருந்தும் கார்டை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தது அப்போது வெளிவந்தது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். என் பென்ஷன் புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர். இங்கே 'சர்நேம்' கட்டாயம் என்றதால், பாங்கில் அப்பா பெயரே என் பெயராகிவிட்டது. மனிதன் பார்த்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவான். மிஷின் சிரிக்காது.

போலிக் கார்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பிடிக்கத்தான் வேண்டும். சந்தேகப்படுகிற வேலையை மிஷின் செய்யட்டும். அறுக்கிற வேலை அதனுடையதல்ல. சிக்னலில் கரண்ட் போனாலும் ஒயர் அறுந்தாலும் சிவப்பு விழும், அதுதான் பத்திரமான பக்கம். ஆனால் வண்டி அங்கேயே நாள்கணக்கில் நிற்பதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பேற்று எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பிவைப்பார். ரேஷனில் பத்திரமான பக்கம் எது? விசாரணை முடியும்வரை அரிசி போய்க்கொண்டிருப்பது. தகுதியில்லாதவன் நாலு மாதம் வாங்கிவிட்டால் பணம்தான் நஷ்டம். தகுதியுள்ளவளுக்கு நாலு மாதம் நிறுத்தினால்?

பணக்கார தேசங்களிலும் இது நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகைக்கு வரி இலாகாவின் கம்ப்யூட்டர் போட்ட ஆபத்துக் கணக்கில், டச்சுக் குடியுரிமை இல்லாததே ஒரு சந்தேகக் குறியாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்ற பெயரெடுத்துக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. பிழைக்கப்போன இடத்தில் வெளியூர்க்காரன்மேல்தான் முதலில் சந்தேகம் விழும் என்பது நமக்குத் தெரியாததா!

நான் கேட்பது அதிகமில்லை. அறுக்கும் முன் நோட்டீஸ், அதில் காரணம், அடியில் ஒரு மனிதரின் பெயரும் கையெழுத்தும்.

அந்த அம்மாள் வீட்டுக்கு மறு சரிபார்ப்பின்போது ஆள் வந்து பார்த்துப் போனார்கள். அதுவரை அரிசியை வெளியில் விலைக்குத்தான் வாங்கினார். காரணம் கடைசிவரை தெரியவில்லை. 2013ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்டந்தோறும் குறைதீர்ப்பு அதிகாரி உண்டு என்பது அப்போது எனக்கே தெரியாது. நம் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஜை போட்டு உட்கார்ந்தால், இப்படிப்பட்ட மனுக்களை எழுதித் தரலாம். காரியதரிசி இடம் கொடுத்தால் நான் பேனாவோடு வருகிறேன்.